கம்பங்கொல்லையில் சுகிர்தம் டீச்சர் கேசட்

எங்கள் சபையில் மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் முழங்கால் போட்டு ஜெபம் செய்வார்கள். எனக்கு வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். போன செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அப்படித்தான் கிளம்பினேன். கையில் சபையின் நூற்றாண்டு விழாப் பாட்டுப் புத்தகத்தின் அச்சு நகல். நாற்பத்தேழாம் பக்கத்தில் அறுப்பின் பண்டிகைப் பாட்டு. அதன் அடியில் பொடி எழுத்தில், "மெட்டு: யாருடையது என்று தெரியவில்லை."

தெரியவில்லையாம்! அந்த மெட்டைப் போட்டவர் எங்கள் தெருவில், எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீட்டில், எண்பத்தோரு வயதில், தினமும் காலையில் பேப்பர் போடுகிறவரோடு சண்டை பிடித்துக்கொண்டு நன்றாகவே இருக்கிறார். பெயர் சுகிர்தம். ராணிப்பேட்டையில் சுகிர்தம் டீச்சர் என்றால் ஆட்டோக்காரர்கூட வழி கேட்காமல் கொண்டுவந்து விடுவார். புத்தகக் கமிட்டிக்கு மட்டும் தெரியவில்லை.

டீச்சரின் அப்பா ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் சமையல்காரர். நர்சுகள் ஜெபம் செய்யும் அறையில் ஒரு பியானோ இருந்தது. அம்மா இல்லாத பிள்ளையை அடுப்படியில் வைத்துக்கொள்ள முடியாமல் அப்பா அந்த அறையில் உட்கார வைத்துவிட்டுப் போவார். ஆறு வயதில், கேட்ட பாட்டையெல்லாம் அது தன் பாட்டுக்கு வாசிக்க ஆரம்பித்துவிட்டது. முறையாகச் சொல்லிக்கொடுக்க ஒரு நர்ஸ் அம்மா கிடைத்தார். அப்புறம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் முப்பத்து நான்கு வருஷம் பாட்டு டீச்சர், சபையில் பியானோ. ஆஸ்பத்திரியில் புது ஆர்கன் வாங்கியபோது பழைய பியானோவைத் தூக்கிப் போடப் பார்த்தார்கள். டீச்சர் தோல் பதனிடும் ஷாப்பு லாரி ஒன்றைப் பிடித்து அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். ஒரு வருஷம் வரைக்கும் மூடியைத் திறந்தாலே உப்புத்தோல் வாடை அடித்ததாம்.

அந்தப் பியானோவில் உட்கார்ந்துதான் முப்பத்திரண்டு மெட்டுப் போட்டார். அதில் ஊரைச் சுற்றியது அறுப்புப் பாட்டு. அவரிடம் படித்த பெண்கள் கல்யாணமாகிப் போன இடத்துக்கெல்லாம் அதையும் எடுத்துக்கொண்டு போனார்கள். நான் ஆம்பூர்க்காரி. அங்கே எங்கள் சபையில் சின்ன வயதிலிருந்து பாடிய பாட்டு அது. கல்யாணமாகி இங்கே வந்த புதிதில், மூன்றாவது வீட்டு ஜன்னல் வழியாக அதே மெட்டு வந்தது. யார் இவ்வளவு நன்றாக வாசிக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். "இன்னா பாக்கற? உள்ள வா. பாடத் தெரியுமா?" என்றார். அன்றைக்குப் பிடித்த சிநேகம் இருபது வருஷமாகிறது.

சிநேகம் என்றாலும் சும்மா விடமாட்டார். பாடும்போது ஒரு இடத்தில் சறுக்கினால் நிறுத்தி, முதலிலிருந்து பாடச் சொல்வார். தனக்கும் அதே கதிதான். ஒரு சுரம் பிசகினால் தன் கையையே ஒரு அடி அடித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் குளியலறையில் விழுந்ததில் வலது கையில் இரண்டு விரல் மடங்காமல் போய்விட்டது. அதிலிருந்து இடது கையால்தான் வாசிக்கிறார், அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு.

கமிட்டிச் செயலாளர் இருதயராஜ் ஐயா வீட்டுக்குப் போனேன். முப்பது வருஷம் தோல் ஷாப்பில் செலக்‌ஷன் பார்த்தவர். ஒவ்வொரு தோலாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தடவி, இது முதல் தரம், இது இரண்டாம் தரம், இது ரிஜெக்ட் என்று பிரித்துப் போடும் வேலை. ரிட்டயர் ஆன பிறகும் மனிதர்களை அப்படித்தான் பார்ப்பார். நான் போன வேகத்தில் என்னை எந்தத் தரத்தில் போட்டாரோ தெரியாது.

"சும்மா கத்தாத சௌந்தர்யா. டீச்சர் மெட்டுன்னு எனக்கும் தெரியும். ஆனா திமிரியிலேர்ந்து ஒருத்தரு, எங்க தாத்தா போட்டதுன்னு லெட்டர் குடுத்திருக்காரு. குடியாத்தத்திலேர்ந்து இன்னொருத்தரு. மூணு பேரு கேட்டா நான் யார் பேரப் போடறது? ஆதாரம் குடு, போடறேன். அடுத்த திங்கக்கிழமை அச்சுக்குப் போவுது. அதுக்கு மேல ஒரு நாள் தள்ள முடியாது."

நியாயமாகப் பேசுகிறவர்களிடம் சண்டை போடுவது ரொம்பக் கஷ்டம். திரும்பி வந்து டீச்சரிடம் சொன்னேன். "பேரு இன்னாத்துக்கு? பாடறாங்க இல்ல, அது போதும்" என்று அவர் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். நான் வாசல் தாண்டும்போது கூப்பிட்டார்.

"எனக்குப் புள்ள குட்டி இல்ல சௌந்தர்யா. நான் போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு எடத்துல என் பேரு இருக்கணும்னு ஆசையாத்தான் இருக்கு. இந்த வயசுல ஆசப்படக் கூடாதா?"

இருபது வருஷத்தில் டீச்சர் என்னிடம் எதையுமே கேட்டதில்லை. எனக்குத் திமிரிக்காரருடைய தாத்தாமேல் பயங்கரக் கோபம் வந்தது.

ஆதாரம் என்றால் சுரம் எழுதிய நோட்டு இருக்க வேண்டும். அதைக் கறையான் தின்று பத்து வருஷமாகிறது. மிச்சம் இருந்தது கேசட். டீச்சருடைய வீட்டுக்காரர் மின்வாரியத்தில் வேலை பார்த்தவர். எண்பத்து மூன்றாம் வருஷம், துபாயிலிருந்து வந்த சித்தப்பா மகனிடம் ஒரு டேப் ரிக்கார்டர் வாங்கி, பியானோமேல் வைத்து, மனைவி வாசித்ததையெல்லாம் பதிந்து வைத்தார். ஊரில் வேறு யாரிடமும் அந்த வாசிப்பு இல்லை. அதில் மூன்று கேசட் பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இருதயராஜ் ஐயாவைக் கூட்டிவந்து போட்டுக் காட்டினேன். மழை விட்ட மறுநாள் வானம் மாதிரி சுத்தமான வாசிப்பு. அறுப்புப் பாட்டு ஒரு பிசிறு இல்லாமல் வந்தது.

ஐயா கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும், "ரொம்ப அருமையா வாசிச்சிருக்காங்க" என்றார். அப்புறம் தலையைச் சொறிந்தார். "ஆனா இது வாசிச்சதுக்கு ஆதாரம். போட்டதுக்கு ஆதாரமா? எம் பொண்ணுகூட இந்தப் பாட்ட வாசிக்கிறா."

அவர் போன பிறகு டீச்சர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "டீச்சர், இந்தப் பாட்ட மெட்டுப் போட்ட அன்னிக்கு சார் பதிஞ்சு வெக்கலியா?" என்று கேட்டேன்.

"வெச்சாரு. அது பூரா தப்பும் தடவலும். நான் வாசிச்சு, நிறுத்தி, மாத்தி, அசிங்கமா இருக்கும். வேஸ்ட்டுன்னு எழுதி ஓரமாப் போட்டுட்டேன்."

"எங்க டீச்சர் இருக்கு?"

"கலவையிலேர்ந்து ராமலிங்கம் வேர்க்கடல கொண்டாருவான் இல்ல? போன மாசம் வந்தப்ப, கம்புல கதிர் வந்துச்சு, குருவி வுட்டு வெக்கல, பழைய கேசட் இருந்தா குடுங்கம்மான்னான். வேஸ்ட்டு எல்லாத்தையும் பையோட குடுத்துட்டேன்."

எங்கள் பக்கம் கொல்லைகளில், அதாவது புன்செய் நிலங்களில், இது வழக்கம். கேசட்டின் உள்ளே இருக்கும் நாடாவை உருவி, குச்சி நட்டு, கதிருக்கு மேலே வரிசையாகக் கட்டுவார்கள். வெயிலில் மினுக்கும், காற்றில் 'ங்கொய்' என்று கத்தும், குருவி கிட்டே வராது. எத்தனையோ பிரசங்கங்களும் கல்யாண வீட்டுப் பாட்டுகளும் அந்தக் கொல்லைகளில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. இப்போது டீச்சருடைய மெட்டும் அங்கேதான்.

புதன்கிழமை நானும் என் வீட்டுக்காரர் ஆல்வினும் லீவு போட்டோம். இருவருக்கும் ஒரே ஷூ கம்பெனிதான். நான் தையல் லைனில் செக்கிங், அவர் தையல் மெஷின் மெக்கானிக். லீவுக்கு என்ன காரணம் எழுதுவது என்று அவர் கேட்டார். குருவி விரட்ட என்று எழுதுங்கள் என்றேன். காய்ச்சல் என்று எழுதினார்.

ராமலிங்கத்தின் கம்பங்கொல்லை கலவையிலிருந்து உள்ளே மூன்று கிலோமீட்டர். வரப்பில் இறங்கும்போதே சத்தம் கேட்டது. ஆல்வின் நின்று, "டீச்சர் பாட்டு இவ்ளோ சத்தமா இருக்கும்னு நெனைக்கல" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கிணற்றோரத்திலிருந்து ஆரம்பித்து, பன்னிரண்டு வரிசை, பன்னிரண்டு துண்டு. காலி கேசட் கூட்டை ராமலிங்கத்தின் மகள் சொப்பாக வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அதன்மேல் டீச்சருடைய கையெழுத்து: "அறுப்பு. வேஸ்ட்." நல்லவேளை, சரியான கொல்லைக்குத்தான் வந்திருந்தோம்.

விஷயத்தைச் சொன்னதும் ராமலிங்கம் பேஜாராகிவிட்டார். "அய்யய்யோ, அம்மா பாட்டா இது? தெரியாம பண்ட்டேனே. எடுத்துக்கோங்க. ஆனா அறுப்புக்கு இன்னும் இருவது நாளு கெடக்கு. இத்த எடுத்தா குருவி எனக்கு இன்னா வுட்டு வெக்கும்?"

அதை நான் முன்கூட்டியே யோசித்திருந்தேன். கம்பெனியில் ரிஜெக்ட் ஆன வெள்ளி நிற லைனிங் துண்டுகள் ஒரு மூட்டை கேட்டு வாங்கி வந்திருந்தேன். பளபளப்பு ஜாஸ்தி என்று ஏற்றுமதிக்காரன் தள்ளிவிட்ட சரக்கு. நாடாவை அவிழ்க்க அவிழ்க்க, அந்த இடத்தில் அதைக் கட்டினோம். ராமலிங்கம் தூரப் போய் நின்று பார்த்துவிட்டு, "இது அத்தவிட ஜோரா கீது" என்றார். ஆல்வின் கட்டியிருந்த வரிசைப்படி ஒவ்வொரு துண்டின் நுனியிலும் நம்பர் எழுதிய பேப்பர் ஒட்டி, தனித்தனியாகப் பென்சிலில் சுற்றினார். நூறு தடவை, "மெதுவாங்க, மெதுவாங்க" என்றேன். நூற்றொன்றாவது தடவை, "நீ போய் வரப்புல உக்காரு" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில்தான் மீதி வேலை. நாடா பூராவும் தூசும் குருவி எச்சமும். என் லைனில் அஃப்ரோஸ் என்று ஒரு பெண். வெள்ளைத் தோலில் பேனாக் கீறல் விழுந்தால்கூட அடையாளம் தெரியாமல் துடைத்து எடுத்துவிடுவாள். ஷூவுக்கு உள்ளே ஒட்டும் மெல்லிய ஆட்டுத்தோலில் ஒரு துண்டு எடுத்து, நாடாவை அதற்குள் மடித்துப் பிடித்தாள். ஆல்வின் பாபினில் நூல் சுற்றும் மெஷினை மோட்டார் இல்லாமல் கையாலேயே சுற்றினார். அழுக்கு தோலில் நின்றது, நாடா பளிச்சென்று பாபினில் ஏறியது. "அக்கா, பாட்டு கெடைச்சா எனக்கும் கேக்கணும். நான் இத்தினி நேரம் சோறுகூட துன்னல" என்றாள் அஃப்ரோஸ். அவளுக்கு நான் என்னுடைய மீன் குழம்பைக் கொடுத்துவிட்டேன். வேறு எதற்கும் அதைக் கொடுத்திருக்க மாட்டேன்.

துண்டுகளை ஒட்டி உள்ளே போட ஒரு கூடு வேண்டும். ராமலிங்கத்தின் மகள் விளையாடிய கூட்டில் மண் புகுந்திருந்தது. வீட்டிலிருந்த ஒரு பழைய பிரசங்கக் கேசட்டைத் திருகு கழற்றி, பிரசங்கத்தை வெளியே எடுத்துவிட்டு, டீச்சரை உள்ளே வைத்தார் ஆல்வின். சனிக்கிழமை முழுக்க அந்த வேலைதான்.

ஞாயிறு ஆராதனை முடிந்து டீச்சர் வீட்டில் கூடினோம். டீச்சர், இருதயராஜ் ஐயா, நாங்கள் இரண்டு பேர், முந்திக்கொண்டு வந்து உட்கார்ந்த அஃப்ரோஸ். மறுநாள் அச்சு. ஆல்வின் பொத்தானை அழுத்தினார்.

முதலில் இரைச்சல். அப்புறம் பியானோ. குரல் மங்கின மாதிரி, அங்கங்கே இழுத்துக்கொண்டு வந்தாலும் பியானோதான். ஆனால் அறுப்புப் பாட்டு இல்லை. முதல் இரண்டு அடி ஏதோ ஜாடையில் வந்தது, மூன்றாவது அடி எங்கேயோ போய் முட்டிக்கொண்டு நின்றது. கேசட்டில் டீச்சருடைய வயசாகாத குரல், "ச்சே" என்றது. மறுபடி முதலிலிருந்து. மறுபடி மூன்றாவது அடி வேறு பக்கம் போய் நின்றது. குக்கர் விசில் அடித்தது. "ரெண்டு" என்று அதே குரல் எண்ணிக்கொண்டது. மறுபடி முதலிலிருந்து.

டீச்சர் முகம் சிவந்துவிட்டது. "நிறுத்து ஆல்வின். நாலு பேருக்கு முன்னாடி அசிங்கமா இருக்கு" என்று எழுந்து கையை நீட்டினார்.

அந்தக் கையைப் பிடித்துத் தடுத்தது இருதயராஜ் ஐயா. "கை வெக்காதீங்க டீச்சர். ஓடட்டும்" என்றார். நாற்காலியை ரிக்கார்டர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இன்னும் ஒரு தடவை மூன்றாவது அடி வந்தது. சட்டென்று பியானோ நின்று, ஒரு ஆண்குரல் கேட்டது. "சுகிர்தம், சாம்பார்ல உப்பு கம்மி. ஹலோ, ஹலோ, இது ஓடுதா? சிவப்பு லைட்டு எரியுது. உப்பு கம்மி, உப்பு கம்மி, ஒன்று, இரண்டு, மூன்று." எட்டாவது துண்டை ஆல்வின் தலைமாற்றி ஒட்டிவிட்டதில், கேசட்டின் மறுபக்கம் நடுவில் வந்துவிட்டது. அது டீச்சருடைய வீட்டுக்காரர் குரல்.

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அப்புறம் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நான் எழுந்து ஓடினால், சிரிக்கிறார். "போயி பத்தொம்பது வருஷம் ஆச்சு. இன்னும் கொற சொல்றாரு பாரு" என்றார். எல்லோரும் சிரித்தோம். நான் சிரித்துக்கொண்டே அழுதேன், அதை மறைக்கவும் இல்லை.

ஒன்பதாவது துண்டில் பியானோ திரும்பி வந்தது. மூன்றாவது அடி இந்தத் தடவை எங்கேயும் முட்டவில்லை. மேலே ஏறி, ஒரு நொடி நின்று, பக்குவமாக இறங்கியது. எங்கள் சபையில் இத்தனை வருஷமாகப் பாடுகிற அந்த அடி. கேசட்டில் இருந்த பெண் வாசிப்பதை நிறுத்திவிட்டு, தனக்குத்தானே, "ஆங், இதான்" என்றாள். அப்புறம் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் வாசித்தாள். நாடா தீர்ந்தது.

இருதயராஜ் ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முப்பது வருஷம் தோல் பாத்த கை டீச்சர் இது. ஒரு தழும்பும் இல்லாம, மொழுக்குன்னு ஒரு பீஸ் வந்தா, இது நெஜத் தோலா, ரெக்சினான்னுதான் மொதல்ல சந்தேகப்படுவேன். உண்ணி கடிச்ச எடம், முள்ளு கீறுன எடம் இருந்தாத்தான் உசுரோட ஒரு மாட்டு மேல இருந்த தோலுன்னு நம்புவேன். செவ்வாக்கிழம நீங்க போட்டது மொழுக்குன்னு இருந்திச்சி. அத்த யார் வேணா வாசிப்பாங்க. இந்த மாதிரி தப்பு பண்ணி, தேடி, கண்டுபுடிக்க, போட்டவங்களால மட்டும்தான் முடியும். திமிரிக்காரரு வந்து இத்தக் கேக்கட்டும்."

அங்கேயே அச்சு நகலை எடுத்து, "தெரியவில்லை" என்பதைக் குறுக்காகக் கோடு போட்டு அடித்து, மேலே எழுதினார்: "மெட்டு: சுகிர்தம், ராணிப்பேட்டை." டீச்சர் அந்தத் தாளை வாங்கி, கிட்டே வைத்து, தூர வைத்து, மறுபடி கிட்டே வைத்துப் படித்தார். ஐந்து எழுத்துப் பெயரைப் படிக்க அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதை யாரும் கேலி செய்யவில்லை, நான் உட்பட.

காப்பி குடிக்கும்போதுதான் டீச்சர் மெதுவாக ஆரம்பித்தார்.

"அந்தப் பையில இன்னும் நாலு கேசட் இருந்துச்சு. எல்லாம் இதே மாதிரி வேஸ்ட்டு. மத்த பாட்டெல்லாம் போட்டப்ப பதிஞ்சது."

ஆல்வின் உடனே ராமலிங்கத்துக்குப் போன் போட்டார். மூன்றைப் பக்கத்துக் கொல்லைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டாராம். ஒன்று அவருடைய சகலை வாங்கிக்கொண்டு போய்த் திமிரிப் பக்கம் சோளத்துக்குக் கட்டியிருக்கிறாராம். இருதயராஜ் ஐயா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "சோளம் எப்ப அறுப்பாங்க?" என்று கேட்டார். அடுத்த ஞாயிறு பாட்டுப் பயிற்சி கிடையாது, பாடகர் குழு மொத்தமும் வேன் பிடித்துக் கிளம்புகிறது என்று அவராகவே அறிவித்தார். வெள்ளி லைனிங் இன்னும் நாலு மூட்டை வேண்டும் என்று நான் கணக்குப் போட்டேன். அஃப்ரோஸ் ஆட்டுத்தோலுக்குப் பொறுப்பு ஏற்றுக்கொண்டாள்.

அந்த ஞாயிறு வேன் புறப்படும்போது டீச்சர் தெருமுனைவரை நடந்து வந்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"அறுந்து போயிருந்தாலும் பரவாயில்ல, எல்லாத் துண்டையும் எடுத்துக்கினு வாங்க. தப்பா வாசிச்ச எடமாச்சேன்னு எதையும் அங்க வுட்டுடாதீங்க."